சாம்பல் எங்கே போனது?

பாத்திரம் துலக்கும் சாம்பலை அழகான பொட்டலத்தில் போட்டு, மேலே பச்சை இலைப் படம் அச்சடித்து, இணையக் கடைகளில் விற்கிறார்கள். நம்ப முடியவில்லையா? தேடிப் பாருங்கள். விலையைப் பார்த்தால் பாட்டிமார் மூக்கின் மேல் விரல் வைப்பார்கள். காலையில் அடுப்பிலிருந்து வாரிக் குப்பைக்குழியில் கொட்டிய பொருள் அது. போகிற போக்கில் ஒரு பிடி எடுத்து, தேங்காய் நாரில் தொட்டுத் தேய்த்தால் வேலை முடிந்தது. அதற்குப் போய்க் காசா!

சரி, இலவசமாகக் கிடந்த சாம்பல் கடைச்சரக்கு ஆனது எப்படி? "கம்பெனிக்காரர்கள் விளம்பரம் போட்டு மக்களை மயக்கிவிட்டார்கள்" என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. சாம்பலைச் சமையலறையிலிருந்து யாரும் விரட்டவில்லை. அடுப்பு போனது. அதன் பின்னாலேயே சாம்பலும் போனது.

பழைய தமிழ்ச் சமையலறையில் சுத்தம் செய்யப் பயன்பட்ட பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். பெரும்பாலானவை சுத்தம் செய்வதற்கென்று வாங்கியவை அல்ல. வேறு ஏதோ வேலையின் மிச்சம். விறகு எரித்த மிச்சம் சாம்பல். குழம்புக்குக் கரைத்துப் பிழிந்த மிச்சம் புளிச்சக்கை. மட்டையோடு வாங்கிய தேங்காயை உரித்த மிச்சம் நார். அறுவடையின் மிச்சம் வைக்கோல். வீடு கட்டியபோது உடைந்த செங்கல்லின் மிச்சம் செங்கல் பொடி. முற்றி, சமையலுக்கு ஆகாமல் கொடியிலேயே காய்ந்த பீர்க்கங்காயின் மிச்சம் பீர்க்கங்கூடு. தென்னை ஓலையைக் கிழித்து எடுத்த ஈர்க்கு விளக்குமாறு ஆனது.

துணியின் கதை இன்னும் நீளம். நல்ல வேட்டி நாளானதும் வீட்டு வேட்டியாகும். அது நைந்தால் குழந்தைக்குத் தூளி, பிறகு அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணி, பிறகு தரை துடைக்கும் துணி. இதில் ஓரளவு சுத்தமாகத் தப்பிய துண்டு விளக்குத் திரி. கடைசியில் எரிந்தே போய்விடும், குப்பை என்று எதுவும் மிஞ்சாது.

இவை ஏதோ நம்பிக்கையின் பேரில் செய்யப்பட்டவையும் அல்ல. ஒவ்வொன்றிலும் வேதியியல் இருக்கிறது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்ற காரப்பொருள் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கோடு காரம் சேர்ந்தால் ஓரளவுக்கு அங்கேயே சோப்பு உருவாகும். நுண்ணிய துகள்கள் தேய்க்கவும் உதவும். ஐரோப்பியர்கள் சாம்பல் நீரைப் பானையில் காய்ச்சி வற்றவைத்து எடுத்த உப்புக்கு 'பாட்டாஷ்' என்று பெயர், அதாவது பானைச் சாம்பல். பொட்டாசியம் என்ற தனிமத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். இன்னொரு வேடிக்கை: அமெரிக்கா 1790-ல் வழங்கிய முதல் காப்புரிமையே இந்தச் சாம்பல் உப்பை எடுக்கும் முறைக்குத்தான்!

பித்தளையிலும் செம்பிலும் ஏறும் களிம்புக்குச் சாம்பல் போதாது. அங்கே புளிக்குத்தான் வேலை. அதில் உள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைக்கிறது. பட்டுத் துணிக்கும் தங்க நகைக்கும் பூந்திக்கொட்டை. அதில் உள்ள சப்போனின் தண்ணீரில் நுரைக்கும். (இயற்கையானது என்பதால் எல்லாம் சாது என்று நினைத்துவிட வேண்டாம். சப்போனின் மீன்களுக்கு நஞ்சு. சப்போனின் உள்ள தாவரங்களை இடித்துக் குட்டையில் கலக்கி மீன் பிடிக்கும் வழக்கம் உலகின் பல இடங்களில் இருந்திருக்கிறது.)

இதுவரை படித்தவர்களுக்கு "ஆகா, அந்தக் காலம்!" என்று தோன்றலாம். அந்தக் காலத்துக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

சாம்பல் வேண்டுமென்றால் விறகு எரிய வேண்டும். விறகு எரிந்தால் புகை வரும். வீட்டுக்குள் விறகு, கரி, சாணி எரிப்பதால் உண்டாகும் காற்று மாசு 2020-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுதும் சுமார் 32 லட்சம் பேரின் மரணத்துக்குக் காரணம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பாத்திரத்தின் அடியில் கரி பிடிப்பதும் அதே விறகால்தான். ஆக, அடுப்பு தந்த அழுக்கைப் போக்க அடுப்பு தந்த சாம்பலையே பயன்படுத்தினார்கள்! தேய்த்துக் கழுவத் தண்ணீர் வேண்டும். அதைக் கிணற்றில் இறைத்தோ குளத்திலிருந்து சுமந்தோ கொண்டுவர வேண்டும். 'பத்துப் பாத்திரம்' என்ற சொல்லே காய்ந்த பருக்கை பற்றிய பாத்திரத்தைக் குறிக்கிறது. 'பற்று' என்பதுதான் பேச்சில் 'பத்து' ஆனது. அடுத்தவர் வீட்டில் அதைத் தேய்த்துப் பிழைத்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்!

துணி வெளுத்தவர்களின் நிலை அதைவிட மோசம். உவர்மண்ணில் சோடியம் கார்பனேட் இருக்கிறது, நல்ல காரம். அதில் துணியை ஊறவைத்து, வெள்ளாவி வைத்து, ஆற்றங்கரைக் கல்லில் அடித்து வெளுத்த வண்ணார் குடும்பங்களுக்குப் பல ஊர்களில் கூலி என்று கிடைத்தது அறுவடையில் கொஞ்சம் தானியமும் வீடு வீடாக எடுத்த சோறும்தான். துவைக்கும் முறை இயற்கைக்கு உகந்ததாக இருந்தது உண்மை. துவைத்தவரை அந்த ஊர் நடத்திய விதம் மனிதருக்கு உகந்ததாக இல்லை.

இனி மாற்றம் வந்த கதை. முதலில் மாறியது பாத்திரம். சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1898-ல் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். 1900-ல் சென்னையில் அதற்கென்று கம்பெனியே உருவானது. அலுமினியம் மலிவு, லேசானது, களிம்பு ஏறாது. ஆனால் காரம் பட்டால் கருக்கும். சாம்பலுக்கு வந்த முதல் சோதனை இது. அப்புறம் எவர்சில்வர். அது வீடுகளில் பரவியதும் புளிக்கு வேலை குறைந்தது. பித்தளைக் குடமும் வெண்கலப் பானையும் எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கிய குடும்பங்கள் ஏராளம். குத்துவிளக்கு மட்டும் தப்பியது, அதோடு சேர்ந்து புளியும் கொஞ்சம் தப்பியது.

அடுத்தது எரிபொருள். சமையல் எரிவாயு 1955-ல் மும்பையில் விற்பனைக்கு வந்தது. இண்டேன் சிலிண்டர் 1965-ல் வந்தது. ஆனாலும் நெடுங்காலம் அது நகரத்து நடுத்தர வர்க்கத்தின் பொருளாகவே இருந்தது. தமிழ்நாட்டில் 2007-ல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் வழங்கும் திட்டம் தொடங்கியது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம். லட்சக்கணக்கான வீடுகளில் புகை நின்றது. சாம்பலும் நின்றது. இரண்டும் ஒரே நாளில் நடந்தவை. ஒன்றைக் கொண்டாடிவிட்டு மற்றொன்றுக்கு அழுவது எப்படி?

வேட்டி கூட இப்படித்தான். பருத்தியின் இடத்தில் பாலியெஸ்டர் கலந்த துணி வந்தது. கசங்காது, சீக்கிரம் உலரும், வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் கிழிந்த பாலியெஸ்டரை வைத்துத் தரை துடைத்துப் பாருங்கள், தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகுமே தவிர உறிஞ்சாது. தேங்காயும் உரித்தே வந்தது, நார் கடைக்காரரிடமே நின்றுவிட்டது. ஒவ்வொரு மிச்சமும் இப்படி ஒவ்வொன்றாக வீட்டை விட்டு வெளியேறியது. காலியான அந்த இடங்களில்தான் கடைச்சரக்கு வந்து உட்கார்ந்தது. 1959-ல் இந்தியாவுக்கு வந்த சர்ஃப், 1969-ல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் வீட்டுக் கொல்லையில் தொடங்கிய நிர்மா, பாத்திரத்துக்குச் சபீனா, விம், பிறகு பச்சை நிற ஸ்க்ரப்பர். அந்தப் பச்சை அட்டை பிளாஸ்டிக் இழைகளைப் பிசின் கொண்டு ஒட்டியது. தேயத் தேய அதன் துகள்கள் தண்ணீரோடு போகும். தேங்காய் நார் தேய்ந்தால் மண்ணாகும். இது ஆகாது.

*

இங்கே ஒரு நிமிடம் அமெரிக்காவுக்குப் போய் வர வேண்டியிருக்கிறது. ஏனென்றால், ஒருமுறை துடைத்துவிட்டுத் தூக்கி எறிவது என்ற பழக்கம் பெரிய வியாபாரமாக வளர்ந்தது அங்கேதான்.

அதன் தொடக்கம் பேராசை என்றும் சொல்லிவிட முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில் நிலையத்திலும் பள்ளியிலும் ஒரே குவளை, ஒரே துண்டு. எல்லாரும் அதையே பயன்படுத்தினார்கள். காசநோய் மிரட்டிய காலம் அது. கான்சாஸ் மாநிலம் 1909-ல் பொதுக் குவளைக்குத் தடை விதித்தது, சில ஆண்டுகளில் பொதுத் துண்டுக்கும் தடை வந்தது. காகிதக் குவளையும் காகிதத் துண்டும் அந்த நேரத்தில் கைகொடுத்தன. பிலடெல்பியாவின் ஸ்காட் பேப்பர் கம்பெனிக்கு வந்து சேர்ந்த காகிதச் சுருள் கழிவறைக் காகிதத்துக்கு ஆகாத அளவு தடிமனாக இருந்ததாம், அதை வீணாக்காமல் 1907-ல் துண்டாக வெட்டி விற்றார்களாம் என்றொரு கதை உண்டு. கதை உண்மையானால் காகிதத் துண்டும் ஒரு மிச்சத்திலிருந்து பிறந்ததுதான் :) 1931-ல் அதே கம்பெனி சமையலறைக்கென்று காகிதத் துண்டுச் சுருளைக் கொண்டுவந்தது. நோய்க்குப் பயந்து பொது இடத்தில் வந்த பொருள், நோய்ப் பயம் இல்லாத வீட்டு மேசைக்கும் வந்துவிட்டது.

1955 ஆகஸ்டில் லைஃப் பத்திரிகை ஒரு புகைப்படம் வெளியிட்டது. அப்பா, அம்மா, குழந்தை மூவரும் கையை விரித்துச் சிரிக்கிறார்கள். தட்டு, குவளை, துணி என்று தூக்கி எறியும் பொருள்கள் ஆகாயத்திலிருந்து கொட்டுகின்றன. இவற்றையெல்லாம் கழுவினால் 40 மணி நேரம் ஆகும், இனி எந்த இல்லத்தரசிக்கும் அந்தக் கவலை இல்லை என்பது செய்தி. விற்றது காகிதம் அல்ல, ஓய்வு. அந்த ஓய்வு கிடைத்ததா? அமெரிக்க வரலாற்று ஆய்வாளர் ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் எழுதிய நூலின் மையமே இந்தக் கேள்விதான். கருவிகள் வந்தபோது உடல் பாரம் குறைந்தது. ஆனால் சுத்தத்தின் அளவுகோல் உயர்ந்தது, முன்பு மற்றவர்கள் பகிர்ந்த வேலைகளும் ஒரே பெண்ணின் தலையில் விழுந்தன, நேரம் பெரிதாக மிஞ்சவில்லை என்று அவர் காட்டினார்.

1950-களின் கடைசியில் ஆர்தர் ஜூலியஸ் என்பவர் ஈரக் காகிதப் பொட்டலம் செய்தார். 1963-ல் கென்டக்கி சிக்கன் கடைகள் அதை வாங்கி வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தன. 1994-ல் ஜப்பானின் காவோ நிறுவனம் தரை துடைக்கும் கழிதாள் மாப்பு கொண்டுவந்தது, 1999-ல் அமெரிக்காவில் ஸ்விஃபர். இவற்றில் பல பார்க்கக் காகிதம் போலிருந்தாலும் உள்ளே இருப்பது பாலியெஸ்டர் இழை.

அந்த இழை எங்கே போகும் என்பதற்கு லண்டன் சாட்சி சொன்னது. 2017 செப்டம்பரில் வைட்சேப்பல் பகுதிப் பாதாளச் சாக்கடையில் 250 மீட்டர் நீளம், 130 டன் எடையில் ஒரு கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. சமையல் கொழுப்பும் ஈரத்தாள்களும் இறுகிக் கல்லாகிப் போயிருந்தன. உடைத்து எடுக்க வாரக்கணக்கில் ஆனது. அதில் ஒரு துண்டை லண்டன் அருங்காட்சியகம் 2018-ல் காட்சிக்கு வைத்தது.

லண்டனில் பாதுகாப்பு உடையும் உயர் அழுத்தத் தண்ணீர் எந்திரமும் இருந்தன. தமிழ்நாட்டில் சாக்கடை அடைத்தால் என்ன நடந்தது என்பது செய்தித்தாள் படிக்கும் எல்லாருக்கும் தெரியும். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதற்கு எதிராக 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம். அதற்குப் பிறகும் குழிக்குள் இறங்கிய தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்திருக்கிறார்கள். கழிவறையில் போடும் ஒரு ஈரத்தாளின் விலை பாக்கெட்டில் அச்சிட்ட விலை மட்டும் அல்ல.

தூளும் திரவமும் வேறு வழியில் கணக்குத் தீர்க்கின்றன. 2019 டிசம்பர் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் வெண்நுரை குவிந்தது. குழந்தைகள் பனி என்று நினைத்து அதில் விளையாடும் படங்கள் உலகம் சுற்றின. சுத்திகரிக்காமல் கடலுக்குப் போன கழிவுநீரும் அதிலிருந்த சோப்புத்தூளும்தான் அந்தப் பனி.

*

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? பழைய சமையலறையிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது சாம்பல் அல்ல, சாம்பலைத் தேர்ந்த முறை. அன்றைய வீட்டில் என்ன மிஞ்சியதோ அதை எடுத்தார்கள். இன்றைய வீட்டில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். எங்கோ ஒரு காட்டு விறகை எரித்து, சலித்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்து, லாரியில் ஏற்றி வரும் சாம்பல் பழமை போலத் தெரியலாம், கணக்குப்படி அது புது அயிட்டம்தான்.

இன்று மிஞ்சுவது எலுமிச்சைத் தோல், ஆரஞ்சுத் தோல், சாத்துக்குடித் தோல். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர் கலந்து மூன்று மாதம் புளிக்கவிட்டால் துடைக்கும் திரவம் கிடைக்கும். பயோ என்சைம் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். என்சைமைவிட அதில் உருவாகும் அமிலம்தான் முக்கியமாக வேலை செய்கிறது. அதாவது புளியின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் பாட்டில் வெடிக்கும். சலவைக்கல்லிலும் கடப்பாக்கல்லிலும் இதை ஊற்றக் கூடாது, இரண்டும் சுண்ணாம்புக் கல் வகை, அமிலம் அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலத்தையும் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும். நோயாளி இருக்கும் வீட்டில் கிருமிநாசினியின் இடத்தில் இதை வைப்பதும் தவறு.

பருத்திச் சட்டை, பழைய பனியன், நைந்த துண்டு ஆகியவை காகிதத் துண்டு செய்யும் வேலையில் பெரும்பகுதியைச் செய்யும். பனியன் துணியைக் கிழித்து ஒரு டப்பாவில் போட்டு அடுப்பு மேடையருகே வைத்தால் போதும். எட்டாத இடத்தில் இருந்தால் யாரும் எடுக்க மாட்டார்கள், கை தானாகவே காகிதச் சுருளுக்குப் போகும். தேங்காய் நாருக்குப் பொள்ளாச்சியும் சிங்கம்புணரியும் இருக்கின்றன. அங்கே திரிக்கும் கயிறும் நாரும் உலகம் சுற்றுகின்றன. நார் ஸ்க்ரப்பர் எவர்சில்வருக்கும் இரும்புச் சட்டிக்கும் நல்லது, நான்ஸ்டிக் தவாவில் மட்டும் வேண்டாம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல வீடுகளில் கடையில் வாங்குபவர் ஒருவர், தேய்ப்பவர் இன்னொருவர். சுற்றுச்சூழல் ஆர்வத்தில் நாரை வாங்கிப் போட்டுவிட்டு வாங்கியவர் அலுவலகம் போய்விடுவார். நாள் முழுக்க நாலு வீட்டுப் பாத்திரம் தேய்க்கும் பெண்ணின் விரலைத்தான் முரட்டு நார் அறுக்கும். நுரை வராத திரவத்தில் பிசுக்குப் போக அவர்தான் இரண்டு மடங்கு தேய்க்க வேண்டும். அவருக்கு அதற்காகக் கூடுதல் கூலியோ நேரமோ கிடைப்பதில்லை. எந்த ஸ்க்ரப்பர் வாங்குவது என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கும் வீடுகள் குறைவு. பாத்திரத்தை எடுத்தவுடன் தண்ணீர் ஊற்றி ஊறவைப்பது, எண்ணெய்ச் சட்டியைப் பழைய தினசரித்தாளால் வழித்துவிட்டுப் போடுவது ஆகிய இரண்டையும் சாப்பிட்டவர்களே செய்தால், பாதித் தூள் மிச்சம், பாதித் தேய்ப்பும் மிச்சம். இதற்கு எந்த இணையக் கடையிலும் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

சாம்பல் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. விறகடுப்பில் கல்யாணச் சமையல் நடக்கும் ஊர்களில் போய்ப் பார்க்கலாம். அண்டாவை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே அதன் வெளிப்பக்கம் முழுதும் மண்ணையோ சாம்பலையோ தண்ணீரில் குழைத்துப் பூசிவிடுவார்கள். கரி அந்தப் பூச்சின் மேல்தான் படியும். பந்தி முடிந்து அண்டா கழுவ வரும்போது, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியதும் பூச்சோடு சேர்ந்து கரியும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும்.